துணைவேந்தர் என்னதான் வேலை பார்க்கிறார்?

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது சொந்தக்காரப் பையன் ஒருவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன். "மாமா, யுனிவர்சிட்டியில வி.சி. இல்ல, வி.சி. இல்லன்னு பேப்பர்ல போட்டுக்கிட்டே இருக்காங்க. கிளாஸ் நடக்குது, எக்ஸாம் நடக்குது, ரிசல்ட்டும் வருது. அப்புறம் அவரு எதுக்கு?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன், உதவிப் பதிவாளராக ஓய்வு பெற்றேன். ஏழு துணைவேந்தர்களின் கையெழுத்து எனக்குத் தெரியும். அந்த ஏழு பேருக்கும் நடுவில் நாற்காலி காலியாகக் கிடந்த மாதங்களையும் தெரியும்.

முதலில் அந்தப் பெயரே குழப்புகிறது. "துணை" என்று இருப்பதால் யாரோ ஒருவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் என்று பலரும் நினைக்கிறார்கள். வேந்தர் என்பவர் ஆளுநர். அவர் பட்டமளிப்பு விழாவுக்கு வருவார். அன்றாடம் பல்கலைக்கழகத்தை நடத்துகிறவர் துணைவேந்தர்தான். ஊழியர், நிலம், வழக்கு, ஆவணம் எல்லாம் பதிவாளர் பொறுப்பு. பணம் நிதி அலுவலர் பொறுப்பு. கேள்வித்தாளும் மதிப்பெண்ணும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பொறுப்பு. இந்த மூன்று அறைகளிலிருந்தும் கோப்புகள் போய்ச் சேருகிற இடம் துணைவேந்தர் மேஜை. நம் மாநிலப் பல்கலைக்கழகச் சட்டங்கள் அவரை இரண்டு பெயரில் சொல்கின்றன: கல்வித் தலைவர், முதன்மை நிர்வாக அலுவலர். இரண்டாவது பெயருக்கு உண்டான வேலையை எல்லோரும் பார்க்கிறார்கள். கார், கூட்டம், வழக்கு, மாணவர் போராட்டம், கட்டடத் திறப்பு என்று அது கண்ணில் படும். முதல் பெயருக்கு உண்டான வேலை யார் கண்ணிலும் படாது. எனக்கு அது தெரிந்ததற்குக் காரணம் என் மேஜை அந்தப் பிரிவில் இருந்ததுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த இரண்டையும் பெரும்பாலும் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தலைவர் என்பவர் வெளியுலகத்தையும் நிதி திரட்டுவதையும் பார்ப்பார். உள்ளே யாரை ஆசிரியராக எடுப்பது, எந்தத் துறையை வளர்ப்பது, எந்தத் துறைக்கு எவ்வளவு பணம் என்பதைப் பார்க்கிறவருக்கு புரோவோஸ்ட் என்று பெயர். லத்தீனில் "முன்னே வைக்கப்பட்டவர்" என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. ஸ்டான்ஃபோர்டில் 1955 முதல் 1965 வரை புரோவோஸ்டாக இருந்தவர் ஃபிரெடரிக் டெர்மன். ஹெச்.பி. கம்பெனியைத் தொடங்கிய ஹியூலெட், பேக்கர்ட் இருவருக்கும் பாடம் சொன்ன வாத்தியார். எல்லாத் துறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைத் தெளிக்காமல், சில இடங்களில் கோபுரம் மாதிரி உயரமாகக் கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. கோபுரம் என்று அவர் சொன்னது ஆட்களை. வேதியியல் துறைக்கு ஜான்சன், ஜெராசி, ஃப்ளோரி என்று வரிசையாக வந்து சேர்ந்தது அவர் காலத்தில்தான். ஃப்ளோரிக்கு 1974-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊரில் இதையும் துணைவேந்தர்தான் செய்ய வேண்டும். கார் வைத்திருக்கிற அதே மனிதர்.

நான் பார்த்த ஏழு பேரில் ஒருவர் அதைச் செய்தார். பெயர் வேண்டாம். அவர் வந்த இரண்டாவது வாரம் பாடத்திட்டக் குழுவின் கோப்புகளைக் கேட்டு அனுப்பினார். பாடத்திட்டக் குழுக் கூட்டம் முடிந்தால் அதன் நடவடிக்கைக் குறிப்பு, கூடவே நூறு நூற்றைம்பது பக்கப் பாடத்திட்டம், எங்கள் பிரிவுக்கு வரும். நாங்கள் எண் போட்டு, கல்விக்குழு அஜெண்டாவில் ஒரு வரி சேர்த்து மேலே அனுப்புவோம். "ஒப்புதலுக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது." அவ்வளவுதான். அந்த நூற்றைம்பது பக்கத்தைக் குழுவுக்கு வெளியே யாராவது படிப்பார்கள் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

அவர் படித்தார். மாலை ஐந்தரைக்கு மேல், பார்வையாளர்கள் போன பிறகு. ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இளநிலை விலங்கியல் பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கம் மேஜைமேல் விரிந்திருந்தது. பரிந்துரை நூல்கள் பட்டியலில் நான்காவது புத்தகத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு.

"இந்தப் புஸ்தகம் நம்ம லைப்ரரியில இருக்கா?" என்று கேட்டார்.

"விசாரிச்சுச் சொல்றேன் சார்."

"போன் பண்ண வேணாம். நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க."

போனேன். இரண்டாவது மாடியில், ஜன்னல் ஓரத்து அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்தது. முதுகு பிரிந்து, நூல் வெளியே தொங்கியது. பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். ஊதா மையில் கடைசி முத்திரை: 1987. நான் போன வருடம் 2006. பத்தொன்பது வருடமாக ஒருவரும் எடுத்துப் போகாத புத்தகம், ஒவ்வொரு மூன்று வருடத்துக்கும் "திருத்தியமைக்கப்பட்ட" பாடத்திட்டத்தில் தவறாமல் இடம்பெற்றுக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். சீட்டை விரலால் தடவிப் பார்த்தார். திட்டவில்லை. யார் அந்தக் குழுவின் தலைவர் என்றுகூடக் கேட்கவில்லை.

"பசங்களுக்கு இதைக் குடுத்திருக்கோம் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் நான்கு வரி எழுதி வந்தது. பரிந்துரைக்கிற ஒவ்வொரு நூலும் இணைவுக் கல்லூரி நூலகங்களில் கிடைக்கிறதா என்று குழு உறுதி செய்ய வேண்டும்; கிடைக்காவிட்டால் வாங்கச் சொல்ல வேண்டும், அல்லது பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அந்த நான்கு வரியால் எங்கள் பிரிவுக்கு எட்டு மாத வேலை. கல்லூரிகளுக்குக் கடிதம், நினைவூட்டல், மறு நினைவூட்டல். பல குழுத்தலைவர்களுக்குக் கோபம். ஆனால் அந்த வருடம் வெளிவந்த பாடத்திட்டங்களில் பாதிக்கு மேல் நூல் பட்டியல் மாறியது. நூல் பட்டியலில் கை வைத்தால் அலகுகளிலும் கை வைத்தாக வேண்டும். பழைய புத்தகத்தைத் தூக்கினால் அதிலிருந்து எடுத்த பாடமும் போய்விடுமே. ஒரு பேராசிரியர் என் மேஜைக்கு வந்து, "இருபது வருஷம் கழிச்சு இப்பதான் புதுசா ஒரு லெக்சர் நோட்ஸ் எழுதுறேன்யா" என்றார். அதை அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

பையா, துணைவேந்தர் எதற்கு என்று கேட்டாயே, இதற்கு. நீ எந்தப் புத்தகத்தைப் படிக்கிறாய் என்பதை ஒருவர் மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து பார்ப்பதற்கு.

இரண்டாவது வேலை இதைவிடப் பெரியது: ஆள் எடுப்பது. பேராசிரியர் தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தர்தான் தலைவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள்படி வெளியிலிருந்து பாட வல்லுநர்கள் மூன்று பேர் உட்கார வேண்டும், வேந்தரின் நியமன உறுப்பினர், புலத்தலைவர், துறைத்தலைவர் இருப்பார்கள். குறைந்தது நான்கு பேர், அதில் இரண்டு பேர் வெளி வல்லுநர், இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. அதற்கு முன்னால், எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று சொல்லும் இட ஒதுக்கீட்டு இனச்சுழற்சிப் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். அதில் ஒரு புள்ளி பிசகினாலும் நியமனம் நீதிமன்றத்துக்குப் போய்விடும். இத்தனை பேர், இத்தனை விதி. ஆனால் அந்த அறைக்குள் எந்த வல்லுநரைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்கிறவர் ஒருவர்தான். நல்ல வல்லுநரைக் கூப்பிட்டால் நல்ல கேள்வி வரும். தெரிந்தவரைக் கூப்பிட்டால் தெரிந்தவர்தான் உள்ளே வருவார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

ஒரு நியமனம் என்ன செய்யும் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதை ஒன்று எனக்கு மனப்பாடம். எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அங்கே 1942 முதல் 1969 வரை துணைவேந்தர். இருபத்தேழு வருடம். தொழிலால் அவர் மகப்பேறு மருத்துவர். 1950-களின் தொடக்கத்தில் இயற்பியல் துறைக்குப் பேராசிரியர் ஒருவர் வேண்டியிருந்தது. சர் சி.வி. ராமனையே கேட்டார். ராமன் பெங்களூரை விட்டு வர ஒப்பவில்லை. தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கூப்பிடச் சொன்னார். ராமச்சந்திரன் பிறந்தது 1922 அக்டோபர். 1952-ல் துறைத்தலைவராக வந்தபோது முப்பது வயதை ஒட்டியவர். அந்த வயதுக்காரரிடம் ஒரு துறையை ஒப்படைக்க இன்றைக்கு எந்தக் கோப்பும் இடம் தராது. பணிமூப்புப் பட்டியலே முதலில் வழிமறிக்கும்.

அந்த வருடம் பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சு வந்தது. நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் அது. பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ராமச்சந்திரன் அதை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார். 1954-ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது: கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு. அடுத்த வருடம் அந்த மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றிக் கயிறு போல முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று அதைத் திருத்தினார்கள். இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடம் கிடையாது. பூக்கட்டுகிறவர்கள் கைகளைப் பார்த்தால் இது உடனே புரியும்.

அதோடு நிற்கவில்லை. 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, ஒரு புரத இழை எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு சதுரப் படமாக வரைந்தார். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இன்றைக்கும் ஓர் ஆய்வகத்தில் புதிதாக ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தால், அது சரிதானா என்று முதலில் அந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். கிண்டி வளாகத்தில் வரைந்த படம்.

முதலியார் மகப்பேறு மருத்துவர் என்று சொன்னேன் அல்லவா. எக்ஸ் கதிர்ப் படிகவியல் அவர் துறை கிடையாது. யாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்டவரின் சொல்லை நம்பினார். வந்தவரைப் பிறகு தொந்தரவு செய்யாமல் கருவிக்கும் ஆளுக்கும் வழி செய்துகொடுத்தார். 1963-லும் 1967-லும் சென்னையில் பன்னாட்டுக் கருத்தரங்குகள் நடத்துகிற அளவுக்கு அந்தத் துறை வளர்ந்தது. கல்வித் தலைவர் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான். எல்லாப் பாடமும் தெரிந்த மேதை ஒருவர் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

முதலியார் 1969-ல் பதவியிலிருந்து போனார். ராமச்சந்திரன் 1970-ல் சென்னையை விட்டுப் போனார். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை உருவாக்கினார். இந்த இரண்டு வருட எண்களும் அடுத்தடுத்து வருவதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு கனக்கும். பதினெட்டு வருடம் சென்னை வைத்திருந்த மனிதர்.

இருபத்தேழு வருடம் ஒரே ஆள் இருப்பது நல்லதா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒரு பல்கலைக்கழகம் ஒரே மனிதரின் விருப்பு வெறுப்புக்குப் பழகிவிடும். ஆனால் இன்றைய மூன்று வருடம் போதவே போதாது. நான் பார்த்தவரை முதல் வருடம் கட்டடத்தையும் மனிதர்களையும் தெரிந்துகொள்வதிலேயே போய்விடும். மூன்றாவது வருடம் வழக்குகளும் விடைபெறும் விழாக்களும். நடுவில் ஒரே ஒரு வருடம் கிடைக்கிறது. ஒரு பாடத்திட்டம் திருத்தி, அதைப் படித்து ஒரு தொகுதி மாணவர்கள் வெளியே வருவதற்கே மூன்று வருடம் வேண்டும். தான் நட்ட செடி பூத்ததா என்று பார்க்கிற வாய்ப்பு எந்தத் துணைவேந்தருக்கும் கிடைப்பதில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஐந்து வருடம் தருகிறார்கள். நமக்கும் அந்த ஐந்து வருடம் வர வேண்டும் என்று பணியில் இருந்தபோதே சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதும் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் வேறொன்றை நினைப்பார்கள் என்று தெரியும். துணைவேந்தர் பதவிக்குக் கைமாறுகிற பணம் பற்றி. அந்தப் பேச்சை நான் மறைக்கப் போவதில்லை. 2018 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் பதவியில் இருந்த துணைவேந்தர் ஒருவரையே லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. அன்று எங்கள் பிரிவில் யாரும் சாப்பிடப் போகவில்லை. வெளியே தலை காட்டவே கூச்சமாக இருந்தது. ஆனால் அதன் பிறகு "இந்த வி.சி.-ங்களே வேணாம், கமிட்டியே நடத்தட்டும்" என்று பலரும் பேசத் தொடங்கியபோது எனக்கு வருத்தம் அதிகமானது. கிணற்றில் அழுக்கு விழுந்தால் தூர்வாருவார்களே தவிர மூடிவிட மாட்டார்கள்.

கமிட்டி எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். யார் நியமிப்பது என்ற சண்டையில் நாற்காலிகள் காலியாகின்றன. 2022 ஏப்ரலில் சட்டப்பேரவை நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றி மசோதா போட்டது. ஆளுநர் 2023 நவம்பரில் மசோதாக்களைத் திருப்பினார், பேரவை அதே மாதம் மறுபடி நிறைவேற்றியது. அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மே 21-ல் அந்தத் திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே 2023 ஆகஸ்டில் காலியான இடம் அந்தத் தடை வந்த நாளிலும் காலியாகத்தான் இருந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. இங்கே அது தேவையில்லை. கல்விப் பிரிவின் மேஜையிலிருந்து பார்த்தால் தெரிவது ஒன்றுதான்: மேலே கோப்பு போகிறது, கீழே வருவதில்லை.

நாற்காலி காலியானால் சிண்டிகேட் என்கிற ஆட்சிக்குழுவின் உறுப்பினர்கள் சிலரைக் கொண்டு ஒரு குழு அமைப்பார்கள். அதற்கு ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் தலைமைச் செயலகத்தில் இருக்கிற உயர் அதிகாரி. அவர்கள்மேல் எனக்குக் குறை கிடையாது. மாநிலம் முழுவதிலும் உள்ள கல்லூரிகள் அவர்கள் தலையில் இருக்கின்றன. அதற்கு மேல் இது. எங்களிடமிருந்து வாரம் ஒருமுறை ஒரு காரில் கோப்புகள் சென்னைக்குப் போகும். துணியில் கட்டி, மேலே அவசரம் என்று சிவப்புச் சீட்டு. எல்லாக் கட்டிலும் சிவப்புச் சீட்டு இருந்தால் எது அவசரம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த மாதங்களில் தாழ்வாரத்தில் நடந்தால் கதவுகளில் பெயர்ப்பலகை எல்லாம் ஒரே மாதிரி முடியும். பதிவாளர் (பொ). தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் (பொ). நூலகர் (பொ). அந்த ஓர் எழுத்துக்குப் பொறுப்பு என்று அர்த்தம். நிரந்தரமாக ஆள் போடத் துணைவேந்தர் வேண்டும், அவர் இல்லை. ஒரு பேராசிரியர் தன் துறையையும் பார்த்து, பதிவாளர் பொறுப்பையும் பார்த்து, நடுவில் வகுப்புக்கும் ஓடுவார். பாவம், அவர் வகுப்பைத்தான் விடுவார். ஆசிரியர் நியமனம் அடியோடு நின்றுபோகும். ஓய்வு பெற்றவர் இடத்தில் கௌரவ விரிவுரையாளர் வருவார். அந்தப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்துகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த வருடம் தான் இருப்போமா என்று தெரியாதவரிடம் பத்து வருட ஆராய்ச்சியை எப்படி எதிர்பார்ப்பது? பாடத்திட்டம் திருத்த வேண்டிய வருடம் வரும். "நடைமுறையில் உள்ள பாடத்திட்டமே தொடரலாம்" என்று ஒரு வரியில் குறிப்பு எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன். எழுதும்போது அந்த ஊதா முத்திரை ஞாபகம் வரும்.

வகுப்பு நடக்கிறது, பரீட்சை நடக்கிறது என்று பையன் சொன்னது உண்மைதான். ஓடுகிற வண்டி கொஞ்ச தூரம் தானாக ஓடும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு முடித்திருந்தாள். தாவரவியல். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு குறிப்பிட்ட வகைப் பெரணியைப் பற்றி ஐந்து வருட வேலை. வெளிநாட்டில் ஓர் ஆய்வு இடம் கிடைத்திருந்தது, பட்டம் வழங்கிய ஆணை அக்டோபர் முடிவுக்குள் வேண்டும். வாய்மொழித் தேர்வு ஜூலையில். சாதாரணமாக மூன்று வாரம் ஆகும். துணைவேந்தர் ஒப்புதல் கொடுத்துவிடுவார், சிண்டிகேட்டின் பின்னேற்பு பிறகு வரும். அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் அப்போது நாற்காலி காலி.

வாரா வாரம் வியாழக்கிழமை வருவாள். காலை நான்கு மணிக்கு ஊரிலிருந்து பஸ் ஏறி, பத்தரைக்கு எங்கள் பிரிவு வாசலில் நிற்பாள். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் டிபன் பாக்ஸ். "சார், ஏதாவது வந்துச்சா?" "இல்லம்மா, போன வாரம் போன கட்டுல இருக்கு." ஆறு வியாழன் இதே கேள்வி, இதே பதில். ஏழாவது வாரம் அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், போய் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அதைவிட அவள் சண்டை போட்டிருக்கலாம்.

பாடத்திட்டம் படித்தாரே அந்தத் துணைவேந்தர், அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. முனைவர் பட்டக் கோப்பு வந்தால் ஆய்வேட்டின் தலைப்பை வாய்விட்டுப் படிப்பார். பிறகு எதிரே நிற்கிற என்னைப் பார்த்து, "என்ன கண்டுபிடிச்சிருக்காங்களாம்?" என்பார். எனக்கு எங்கே தெரியும். அதனால் கோப்பை எடுத்துப் போகும் முன் ஆய்வுச் சுருக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போகப் பழகினேன். பருத்திப் பூச்சி, சங்ககால நாணயம், கண்ணாடி இழை, வட்டார வழக்கு. பி.காம். படித்த எனக்கு அந்த மூன்று வருடத்தில் கிடைத்த படிப்பு வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. நான் இரண்டு வரி சொல்லுவேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். சில நேரம் போடமாட்டார். "இந்த எக்ஸாமினர் ரிப்போர்ட் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, பாருங்க" என்று திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

அந்தப் பெண்ணின் ஆணை நவம்பர் இரண்டாம் வாரம் வந்தது. அந்தக் கட்டில் 140 பேருக்கு ஒரே கோப்பு, ஒரே ஒப்புதல். வெளிநாட்டு இடம் போயிருந்தது. போன் செய்து சொன்னேன். வியாழக்கிழமையே வந்தாள், அதே மஞ்சப்பையோடு. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆணையைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். கடைசியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இவரு யாரு சார்?"

"கமிட்டி கன்வீனர்ம்மா. சென்னையில இருக்காரு."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"தீசிஸ் தலைப்பாவது படிச்சிருப்பாரா சார்?"

நான் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தேன். அவள் ஆணையை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிபன் பாக்ஸுக்கு மேலே பத்திரமாக நிறுத்தி வைத்துக்கொண்டாள். ரெண்டரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினாள். அன்று மாலை நான் அவளுடைய ஆய்வுச் சுருக்கத்தை எடுத்துப் படித்தேன்.